கிறிஸ்தவ விசுவாசத்தில் ஆன்மிக விடுதலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தரங்கம்பாடி, பொறையார் வட்டாரத்தில் வேதபாட வகுப்பு நடத்தும்போதும், வீட்டு ஜெபக் கூட்டம் முடிந்து காப்பி வரும் வரை பேசிக்கொண்டிருக்கும்போதும் திரும்பத் திரும்ப என்னிடம் வந்த சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்டவர்களில் லுத்தரன் சபையார், கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர்கள், கிறிஸ்தவரல்லாத அண்டை வீட்டார் எனப் பலரும் உண்டு. நான் லுத்தரன் சபையைச் சேர்ந்தவன். என் பதில்களில் அந்தச் சாய்வு தெரியும். வசனங்கள் நம் ஆலயங்களில் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுக்கப்பட்டவை.

1. "பாட்டிலும் பிரசங்கத்திலும் விடுதலை, விடுதலை என்றே வருகிறது. எதிலிருந்து விடுதலை?"

முதலாவதாகக் குற்றத்திலிருந்து. தேவனுக்கு முன்பாக மனிதன் தீர்க்க முடியாத கணக்கோடு நிற்கிறான். அந்தக் கணக்கைக் கிறிஸ்து சிலுவையில் தீர்த்தார் என்பதே விசுவாசத்தின் அடிப்படை. அதோடு, மனிதனைத் திரும்பத் திரும்ப அதே தவறுக்கு இழுக்கும் பாவத்தின் பிடியிலிருந்தும், நற்செயல்களை எண்ணிக் காட்டித் தேவனுடைய தயவைச் சம்பாதிக்க வேண்டும் என்ற ஓயாத முயற்சியிலிருந்தும், எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபம் இரண்டாம் அதிகாரத்தில் சொல்லுகிற மரண பயத்திலிருந்தும் விடுதலை உண்டென்று புதிய ஏற்பாடு சொல்லுகிறது.

எதிலிருந்து என்று கேட்பவர்கள், எதற்காக என்று கேட்க மறந்துவிடுகிறார்கள். ஆதிச் சபைகளுக்கு நிருபங்கள், அதாவது கடிதங்கள், எழுதிய அப்போஸ்தலன் பவுல், ரோமர் 8:15இல் அடிமையையும் பிள்ளையையும் எதிரெதிரே நிறுத்தி, "அப்பா பிதாவே" என்று கூப்பிடும் உரிமையே நமக்குக் கொடுக்கப்பட்டது என்கிறார். அடிமை தண்டனைக்குப் பயந்து வேலை செய்கிறான். பிள்ளை வீடு தன்னுடையது என்பதால் செய்கிறான். இந்தப் பக்கத்தில் வரும் மற்றப் பதில்களெல்லாம் இந்த வேறுபாட்டையே சார்ந்திருக்கின்றன.

2. "நான் யாருக்கும் அடிமையில்லை. சொந்தக் காலில் நிற்கிறேன். எனக்கு எதற்கு இது?"

யோவான் எட்டாம் அதிகாரத்தில் இயேசுவிடம் இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "நாங்கள் ஒருக்காலும் ஒருவனுக்கும் அடிமைகளாயிருக்கவில்லை." எகிப்தில் அடிமைப்பட்டு, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போய், பேசிய அந்த நாளிலும் ரோமருக்கு வரி கட்டிக்கொண்டிருந்த ஒரு ஜனத்தார் அப்படிச் சொன்னார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். இயேசு அரசியலைப் பேசாமல், "பாவஞ்செய்கிறவன் எவனும் பாவத்துக்கு அடிமையாயிருக்கிறான்" என்று பதில் சொன்னார்.

ஒரு முழ அகல வரப்புக்காகச் சொந்த அண்ணனோடு பேச்சை நிறுத்தி, தாயின் அடக்கத்தில்கூட எதிரெதிர் ஓரங்களில் நின்றவர்களை நம் ஊர்களில் நான் பார்த்திருக்கிறேன். பேச வேண்டும் என்று இருவருக்கும் ஆசை உண்டு, முடியவில்லை. முடியவில்லை என்கிற அந்த இடத்தைத்தான் இயேசு அடிமைத்தனம் என்கிறார்.

3. "நாங்கள் சைவர்கள். நாங்கள் சொல்லும் வீடுபேறும் நீங்கள் சொல்லும் விடுதலையும் ஒன்றுதானே?"

தேவாரம் பெற்ற தலங்களுக்கு நடுவே வாழும் நமக்கு இது இயல்பான கேள்வி. மரியாதையோடு பதில் சொல்ல வேண்டியதும்கூட. ஆணவம், கன்மம், மாயை என்னும் மலங்களால் கட்டுண்ட உயிர் இறைவனுடைய அருளால் கட்டு நீங்குகிறது என்று சைவ சித்தாந்தம் சொல்லுகிறது. மனிதன் கட்டுண்டவன், கட்டை அவனாகவே அவிழ்த்துக்கொள்ள முடியாது, அருள் வேண்டும் என்பதில் இரு தரப்பாரும் நெருங்கியே நிற்கிறோம்.

ஆனால் கிறிஸ்தவ விசுவாசத்தில் பிறவிச் சுழற்சி இல்லை. ஆகவே அதிலிருந்து தப்புவது விடுதலையின் நோக்கமும் இல்லை. உடல் களைந்தெறிய வேண்டிய ஒன்றாகக் கருதப்படாமல், உயிர்த்தெழ வேண்டியதாகக் கருதப்படுகிறது. ரோமர் 8:21இன்படி படைப்பு முழுவதுமே விடுதலைக்குக் காத்திருக்கிறது. மேலும் இந்த விடுதலை ரோம ஆளுநர் பொந்தியு பிலாத்துவின் காலத்தில் எருசலேமுக்கு வெளியே நடந்த ஒரு மரணத்தோடும் அதைத் தொடர்ந்த உயிர்த்தெழுதலோடும் கட்டப்பட்டிருக்கிறது. இரண்டும் ஒன்றே என்று சுலபமாகச் சொல்லிவிட்டால், இரு தரப்புக்கும் நாம் நியாயம் செய்தவர்களாக மாட்டோம்.

4. "வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறேன், உபவாசம் இருக்கிறேன். இதனால் விடுதலை கிடைக்குமா?"

ஆகஸ்ட் 29ஆம் தேதிக் கொடியேற்றத்துக்கு முன்பிருந்தே காவியுடுத்தி, வெறுங்காலோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் எங்கள் ஊர் வழியாக நடந்து போகிறவர்களைப் பார்க்கிறோம். அவர்களுடைய பக்தியைக் குறைத்துப் பேசுவது லுத்தரன்களுக்கு எளிது. நான் அதைச் செய்ய விரும்பவில்லை. நடைப்பயணம் விலையாக எண்ணப்படுகிறதா, நன்றியாக எண்ணப்படுகிறதா என்பதே கேள்வி. எபேசியர் 2:8 தெளிவாக இருக்கிறது: கிருபையினாலே, விசுவாசத்தைக்கொண்டு, அது தேவனுடைய ஈவு.

இதில் கத்தோலிக்கர் வேறு, நாம் வேறு என்று பலர் எண்ணுகிறார்கள். 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. மனிதனுடைய தகுதியினால் அல்ல, கிருபையினால் மட்டுமே தேவன் மனிதனை ஏற்றுக்கொள்ளுகிறார் என்று இரு சபைகளும் அதில் சேர்ந்தே சொல்லியிருக்கின்றன. ஆகவே நேர்ச்சையை நிறைவேற்ற நடப்பவர் தாராளமாக நடக்கலாம். நடக்க முடியாமல் வீட்டில் படுத்திருக்கும் அவருடைய தாயாருக்கு அதனால் எதுவும் குறைந்துவிடாது.

5. "எல்லாம் மன்னிக்கப்பட்டுவிட்டது என்றால், இஷ்டப்படி இருந்துவிட்டுப் போகலாமே?"

இந்தக் கேள்வி எழவில்லை என்றால் கிருபையைச் சரியாகப் போதிக்கவில்லை என்றே பொருள். பவுலிடமும் இதையே கேட்டார்கள். ரோமர் ஆறாம் அதிகாரம் முழுவதும் அதற்கான மறுப்பு. கலாத்தியர் 5:13 அதைச் சுருக்கமாகச் சொல்லுகிறது: "இந்தச் சுயாதீனத்தை நீங்கள் மாம்சத்திற்கேதுவாக அநுசரியாமல், அன்பினாலே ஒருவருக்கொருவர் ஊழியஞ்செய்யுங்கள்." இஷ்டப்படி இருப்பது விடுதலை ஆகாது, இரண்டாம் கேள்வியில் பார்த்த அந்த அடிமைத்தனத்துக்கே திரும்பிப் போவதாகும்.

லுத்தரன் சபைக்குப் பெயர் தந்த சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் 1520இல் எழுதியதன் சாரமும் இதுதான்: கிறிஸ்தவன் எவருக்கும் கீழ்ப்படாத எஜமான், அதே கிறிஸ்தவன் எல்லாருக்கும் கீழ்ப்பட்ட ஊழியன். முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டவர்கள் அகங்காரிகளாகவும், இரண்டாம் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டவர்கள் பயந்தாங்கொள்ளிகளாகவும் ஆவதைச் சபைகளில் காண்கிறோம்.

6. "ஞானஸ்நானம் எடுத்து இத்தனை வருடமாகியும் அதே கோபம், அதே குற்ற உணர்ச்சி. எனக்கு விடுதலை கிடைக்கவில்லையா?"

கோபத்தையும் குற்ற உணர்ச்சியையும் தனித்தனியே பார்க்க வேண்டும். கோபத்தைப் பொறுத்தவரை, "நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்" என்று எழுதியவர் பவுல் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பிடி தளர்ந்துவிட்டது, பழக்கம் ஒரே நாளில் போய்விடாது. போராட்டம் இருப்பதே உயிர் இருப்பதற்கு அடையாளம். போராடாமல் சமாதானமாகத் திட்டிக்கொண்டிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

குற்ற உணர்ச்சி வேறு வகை. கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடன் தள்ளுபடியாகி, ரசீதும் கையில் வந்த பிறகு, சங்கத்துச் செயலாளர் எதிரே வந்தால் சைக்கிளை வேறு தெருவுக்குத் திருப்பும் விவசாயியைப் போன்றது அது. கடன் இல்லை, கூச்சம் மட்டும் மிச்சமிருக்கிறது. அவருக்குத் தேவைப்படுவது இன்னொரு தள்ளுபடி அல்ல, கையிலிருக்கும் ரசீதை எடுத்து வாசிப்பதுதான். பாவமன்னிப்பு அறிவிக்கப்படுவதும், திருவிருந்தில் "உனக்காக" என்ற வார்த்தையைக் காதால் கேட்பதும் இதற்காகவே. ஆனால் உறக்கமும் பசியும் போய், வாரக்கணக்கில் மனம் இருண்டே கிடந்தால் மருத்துவரிடமும் செல்ல வேண்டும். அதை அவிசுவாசம் என்று சொல்பவரின் ஆலோசனையைக் கேட்க வேண்டியதில்லை.

7. "கிருபைதான் என்றால் பத்துக் கட்டளைகள் எதற்கு?"

கலாத்திய சபையில் விருத்தசேதனம் செய்தால்தான் முழுக் கிறிஸ்தவன் என்று சிலர் வற்புறுத்தினார்கள். "கிறிஸ்து நமக்கு உண்டாக்கின சுயாதீன நிலைமையிலே நிலைகொண்டிருங்கள்" என்று பவுல் எழுதியது அவர்களை மறுக்கவே. தேவனிடம் சேரும் வழியாக நியாயப்பிரமாணம், அதாவது மோசேயின் சட்டம், முடிந்துபோயிற்று. கொலை செய்யாதே, பொய்ச்சாட்சி சொல்லாதே என்பவையோ அன்பு எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் காட்டுகின்றன. அந்தப் பயன் முடியவில்லை.

8. "ராகு காலம், எமகண்டம் பார்ப்பது தப்பா? பார்த்தால் என்ன குறைந்துவிடும்?"

ஒரு திங்கட்கிழமைக் கலியாணம். ஆலயத்தில் ஆராதனை காலை ஒன்பது மணிக்கு. ராகு காலம் 7.30க்குத் தொடங்கிவிடும் என்பதால் ஏழு மணிக்கே மணப்பெண்ணை வாசல்படி தாண்ட வைத்து, எதிர்வீட்டுத் திண்ணையில் பட்டுப் புடவையோடும் கையில் வேதாகமத்தோடும் உட்கார வைத்திருந்தார்கள். எதிர்வீட்டு அம்மா விசிறிக்கொண்டிருந்தார். ஐயர் (எங்கள் சபைப் போதகரை அப்படித்தான் அழைப்போம்) வரும் வழியில் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. கலியாண நாளில் சொல்லக் கூடாது.

மற்ற நாளில் சொல்ல வேண்டும். "நாட்களையும், மாதங்களையும், காலங்களையும், வருஷங்களையும் பார்க்கிறீர்களே" என்று பவுல் கலாத்தியரிடம் வருத்தப்பட்டார். நேரம் பார்ப்பதால் குறைவது எது என்றால், முதல் பதிலில் சொன்ன பிள்ளையின் நிலைதான். அந்த ஒன்றரை மணி நேரம் தகப்பனுடைய கைக்கு வெளியே இருக்கிறது என்று நம்புகிறவர் அந்த அளவுக்குப் பயத்துக்கு அடிமை. நாட்காட்டியைக் கிழித்தெறிய வேண்டாம். பயம் வரும் அந்த நேரத்திலேயே ஒரு முறை ஜெபித்துவிட்டுப் புறப்பட்டுப் பார்க்கலாம்.

சிலர் இதைக் கேட்டுவிட்டு, ஆடிப் பட்டம் பார்த்து விதைப்பதும் மூடநம்பிக்கையா என்று கேட்கிறார்கள். இல்லை. பட்டம் என்பது மழையையும் வெயிலையும் ஆற்றில் வரும் தண்ணீரையும் பார்த்து முன்னோர் கண்ட பயிர் அறிவு. ஜூன் 12இல் மேட்டூர் திறக்குமா என்று பார்த்துக் குறுவையைத் திட்டமிடுவதும் அப்படியே.

9. "பக்கத்து வீட்டில் பூஜை செய்த சர்க்கரைப் பொங்கலைக் கொடுத்தால் வாங்கலாமா, கூடாதா?"

கொரிந்து பட்டணத்தில் இதே சிக்கல் இருந்தது. பவுல் 1 கொரிந்தியரில் எட்டாம் அதிகாரத்திலும் பத்தாம் அதிகாரத்திலும் நீளமாகவே பேசுகிறார். கடையில் விற்கிற எதையும் விசாரிக்காமல் வாங்கிப் புசிக்கலாம். அவிசுவாசி ஒருவர் விருந்துக்கு அழைத்தால் போகலாம், வைத்ததைச் சாப்பிடலாம். ஆனால் இது படைக்கப்பட்டது என்று ஒருவர் குறிப்பிட்டுச் சொன்னால், சொன்னவருடைய மனச்சாட்சியை முன்னிட்டு விலகிக்கொள்ள வேண்டும். வழிபாட்டுப் பந்தியில் பங்குகொள்வதைப் பவுல் அனுமதிக்கவில்லை.

ஆகவே ஒரே விதி கிடையாது. அண்டை வீட்டுப் பாசமாக வரும் கிண்ணத்தைச் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்வதில் எனக்குத் தடை தெரியவில்லை. கிறிஸ்துமஸ் அன்று நாம் கொடுக்கும் கேக்கை அவர்கள் வாங்கிக்கொள்ளத்தானே செய்கிறார்கள். ஆனால் அண்மையில் விசுவாசத்துக்கு வந்த ஒருவர் அதைக் கண்டு உள்ளம் குழம்புவார் என்றால், அவருக்காக என் உரிமையை விட்டுக்கொடுப்பேன். ரோமர் 14ஆம் அதிகாரத்தின்படி, வாங்குகிறவர் வாங்காதவரைப் பெலவீனர் என்று இகழக் கூடாது. வாங்காதவர் வாங்குகிறவரைப் பின்மாற்றக்காரர், அதாவது விசுவாசத்தைவிட்டு விலகியவர், என்று தீர்க்கவும் கூடாது. என் அனுபவத்தில் இரண்டாவது தப்பே அதிகம் நடக்கிறது.

10. "எங்கள் குடும்பத்தில் தலைமுறைச் சாபம் இருப்பதாகக் கூட்டத்தில் சொன்னார்கள். அதை முறிக்கக் காணிக்கை கொடுக்க வேண்டுமாம்."

கொடுக்க வேண்டாம். "குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை" என்று எசேக்கியேல் 18ஆம் அதிகாரம் சொல்லுகிறது. கலாத்தியர் 3:13இன்படி கிறிஸ்து நமக்காகச் சாபமாகி நம்மை மீட்டுவிட்டார். மீட்கப்பட்டவரிடம் மறுபடியும் விலை கேட்பவர் யாராக இருந்தாலும், மேடை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அவர் விற்பது சுவிசேஷம் அல்ல. அடுத்தடுத்து மூவருக்குச் சர்க்கரை நோய் வந்த குடும்பத்துக்கு வேண்டியது இரத்தப் பரிசோதனை.

11. "கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று என்கிறீர்கள். கல்லறைத் தோட்டத்தில் ஏன் தனித்தனி வரிசை?"

இதற்கு மழுப்பலான பதிலே அதிகம் கிடைக்கிறது; நேரான பதில், அது பாவம் என்பதுதான். "யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை, அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை" என்று கலாத்தியர் 3:28இல் ஞாயிறுதோறும் வாசித்துவிட்டு, சாதி பார்த்துக் குழி வெட்டுவதற்கு எந்த விளக்கமும் இல்லை.

நம் வரலாறு இதில் இரண்டு பக்கமும் பேசுகிறது. ஜெர்மானிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். அடுத்த ஆண்டு முதன்முதலாகத் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்ற ஐவரும் டேனிய எஜமானர்களின் அடிமைகள். நம் சபையின் அஸ்திவாரமே அவர்கள்தாம். ஆனாலும் ஆலயத்துக்குள் தனித்தனியே உட்காரும் வழக்கம் வேரூன்றியது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேறுபாட்டை உடனடியாகக் கைவிட வேண்டும் என்று கட்டளையிட்டபோது தஞ்சாவூரில் பலர் ஆராதனைக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். தஞ்சைக் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார்கூட இந்த விவாதத்தில் வழக்கத்தை மாற்ற முயன்ற மிஷனரிகளுக்கு எதிராகவே எழுதினார். அவருடைய கீர்த்தனைகளை நான் கண்ணீரோடு பாடுகிறவன். இந்த விஷயத்தில் அவரோடு நிற்க முடியாது.

ஐந்தாம் பதிலில் சொன்னதை இங்கே பொருத்திப் பார்க்கலாம். சாதிப் பெருமையும் ஓர் எஜமான்தான். அதற்கு ஊழியம் செய்கிறவர் தன்னைச் சுதந்திரமானவர் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்.

12. "கூலி, நிலம் என்று பேசுவது அரசியல். ஆன்மிக விடுதலைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?"

மேலே சொன்ன ஐவரின் திருமுழுக்கு அவர்களுடைய சட்டநிலையை மாற்றவில்லை. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளில் அடிமைமுறைக்குச் சட்டத்தின் ஆதரவு நீங்கியது 1843இல்தான். பண்ணையாட்களுக்குத் தஞ்சாவூர் மாவட்டத்தில் சட்டப் பாதுகாப்பு வந்தது 1952இல். ஆத்துமா விடுதலையானது, அது போதும் என்று இருந்துவிட்ட காலங்கள் நமக்குப் பெருமை சேர்க்கவில்லை.

"உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி" கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தில் எழுதினார். அதை இந்த நெல் வயல்களுக்கு நடுவே வாசிக்கும்போது விளக்கவுரை தேவைப்படுவதில்லை. 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு, நம் ஆலயங்களில் கிறிஸ்து பிறப்புப் பாட்டுகள் பாடி முடித்திருந்த வேளையில், கீழ்வெண்மணியில் கூலித் தகராறின் தொடர்ச்சியாக 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பிறந்தவர் "நொறுங்குண்டவர்களை விடுதலையாக்க" வந்ததாக லூக்கா நான்காம் அதிகாரத்தில் சொல்லிக்கொண்டவர். கூலி உயர்வு கிடைத்தவுடன் மனிதன் தேவனோடு ஒப்புரவாகிவிடுகிறான் என்று நான் சொல்லவில்லை. ஒப்புரவானவன் பிறருடைய கூலியைப் பிடித்துவைத்திருக்க முடியாது என்று மட்டும் சொல்கிறேன்.

13. "குடித்துவிட்டு அடிக்கிறார். பொறுத்துப் போவதுதான் கிறிஸ்தவப் பெண்ணுக்கு அழகு என்கிறார்கள். என் விடுதலை எங்கே இருக்கிறது?"

அடி வாங்கிக்கொண்டிருப்பது கீழ்ப்படிதலும் அல்ல, சிலுவை சுமப்பதும் அல்ல. பவுல் சுவிசேஷத்துக்காகப் பாடுபட்டவர். அவரே அப்போஸ்தலர் 22ஆம் அதிகாரத்தில் சவுக்கால் அடிக்கக் கட்டியபோது, ரோமக் குடியுரிமை உள்ளவனை விசாரணையில்லாமல் அடிப்பது நியாயமா என்று சட்டத்தைக் காட்டித் தடுத்தார். அம்மா, நீங்களும் காட்டலாம். குடும்ப வன்முறைக்கு எதிராக 2005ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது. பிள்ளைகளோடு பாதுகாப்பான இடத்துக்குப் போவது விசுவாசத்தை மறுதலிப்பது ஆகாது.

மன்னிப்பைப் பற்றியும் கேட்பீர்கள். பழிவாங்கும் நினைவிலிருந்து உங்கள் உள்ளம் நாளடைவில் விடுபடுவதே மன்னிப்பு; அதற்காக அதே வீட்டுக்கு, அதே கைக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று பொருள் இல்லை. சபை மூப்பர்கள் சமரசம் பேச வந்தால், முதலில் உங்கள் கணவரிடம் பேசிவிட்டு வரச் சொல்லுங்கள்.

14. "என் மகள், பிள்ளைக்கு இப்போது திருமுழுக்கு வேண்டாம், வளர்ந்து அவனே முடிவு செய்யட்டும் என்கிறாள். சுதந்திரம் என்று பேசும் நீங்கள் இதற்கு என்ன சொல்கிறீர்கள்?"

லுத்தரன், தென்னிந்தியத் திருச்சபை, கத்தோலிக்கத் திருச்சபை ஆகியவை குழந்தைத் திருமுழுக்கைக் கடைப்பிடிக்கின்றன. பெந்தெகொஸ்தே சபைகள் தன்னறிவோடு விசுவாசிப்பவருக்கே கொடுக்கின்றன. கிருபை முந்திக்கொள்ளுகிறது என்ற நான்காம் பதிலின் அடிப்படையில், தானாக எதுவும் செய்ய முடியாத குழந்தையே ஈவைப் பெறுவதற்குச் சரியான உதாரணம் என்று நாங்கள் நம்புகிறோம். அந்தப் பிள்ளை பின்னாளில், வளர்ந்தபின் விசுவாசத்தை அறிக்கையிடும் திடப்படுத்தல் ஆராதனையின்போது தன் வாயால் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லலாம்; திருமுழுக்கு அந்த வாய்ப்பைப் பறிப்பதில்லை.

ஆனாலும் முடிவு செய்ய வேண்டியவர்கள் பெற்றோர். உங்கள் காரணங்களை மகளிடம் ஒரு முறை தெளிவாகச் சொல்லுங்கள்; ஐயரைச் சந்திக்க இருவரையும் அழையுங்கள்; பேரனுக்கு ஜெபம் சொல்லிக் கொடுங்கள். அவர்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் குழந்தையை ஆலயத்துக்குத் தூக்கிச் சென்று இரகசியமாகத் திருமுழுக்குக் கொடுக்கச் சொன்னால் எந்த ஐயரும் மறுப்பார், மறுக்கவும் வேண்டும்.